திருத்துறைப்பூண்டிச் சந்திப்பு

கோவிலால் பெயர் பெற்ற ஊர்களும் வாணிகத்தால் வளம் பெற்ற ஊர்களும் நம் நாட்டில் பல. திருத்துறைப்பூண்டிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அங்கே மூன்று இருப்புப்பாதைகள் கூடுகின்றன. வடக்கே செல்வது திருவாரூரை அடையும். தென்மேற்கே செல்வது முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடியைச் சேரும். தென்கிழக்கே பிரியும் கிளைப்பாதை வேதாரணியத்தைக் கடந்து, 37 கிலோமீட்டர் தொலைவில் அகத்தியன்பள்ளியில் முடியும்.

அக்கிளைப்பாதையின் பயன் யாது? நிலத்தின் இயல்பே விடை கூறும். சந்திப்பைச் சூழ்ந்திருப்பது நெல் விளையும் மருதம்; பாதையின் முடிவில் இருப்பது உப்பு விளையும் நெய்தல். சங்க காலத்தில் உமணர் உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். அவர்தம் எருதுகள் செய்த பணியைப் பின்னாளில் புகைவண்டி மேற்கொண்டது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இராசாசி உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுத்த இடமும் அகத்தியன்பள்ளியே.

இத்தகைய சந்திப்பில் நின்று பார்ப்போர்க்குத் தண்டவாளங்கள் சிக்குண்ட நூல்போலத் தோன்றும்; கூர்ந்து நோக்கின் ஒழுங்கு புலப்படும். நேரே செல்வது தலைமைப் பாதை. அதனின்று பிரிந்து, நிலையத்தைக் கடந்ததும் மீண்டும் அதனோடு சேர்வது துணைப்பாதை. இதனை லூப் பாதை என்பர். எதிரெதிரே வரும் வண்டிகளுள் ஒன்று இதில் ஒதுங்கி மற்றதற்கு வழிவிடும். வந்த வழியே வண்டி திரும்பவேண்டுமாயின், எஞ்சினைக் கழற்றி இப்பாதை வழியே மறுமுனைக்குக் கொண்டுசென்று பூட்டுவர். இளமையில் இக்காட்சியைக் கண்டு நான் பன்முறை வியந்ததுண்டு. பாதை பிரியுமிடத்தில் நுனி கூர்மையான இரண்டு தண்டவாளங்கள் அசையுமாறு அமைந்துள்ளன. அவை சிறிது நகர்ந்தால் வண்டியின் திசையே மாறிவிடும். ஆதலின், அவை செவ்வனே பொருந்திப் பூட்டப்பட்ட பின்னரே கைகாட்டி வழிவிடும்.

1 மீட்டர் அகலமுடைய பழைய பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாறுமுன், பல ஆண்டுகள் இக்கிளையில் வண்டி ஓடவில்லை. அந்நாளில் புல் மூடிய தண்டவாளங்களைக் கண்டபோதெல்லாம் என் மனம் வருந்தியது. உப்பு விளைந்தது, அதனைச் சுமந்துவரப் புகைவண்டி இல்லை. மாணவரும் முதியோரும் வேறு வழி தேடினர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அங்கே மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிற்று.

மாணவர்களே, பெருநகர நிலையங்களின் ஆரவாரம் சிறு சந்திப்புகளில் இல்லை. ஆயினும், கடைக்கோடியிலுள்ள ஊரையும் நாட்டோடு பிணைப்பவை அவையே. கிளை வாடியிருக்க, மரம் செழித்தது என்று எவரும் கூறார்.