பழைய சில்லும் புதிய தண்டவாளமும்

பொம்மைப் புகையிரதம் சேகரிப்போரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. பழையதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூசிப்பது ஒன்று, ஓடாத வண்டி எதற்கென்று புதியதையே நாடுவது மற்றொன்று. மாத்தளையிலுள்ள என் வீட்டு மேல்மாடிப் பலகையில் இரண்டையும் ஒரே பாதையில் ஓடவிடும் என்னை இரு கட்சியாருமே சாதிப்பிரஷ்டம் செய்துவிட்டனர்.

தோட்டத்துரை ஒருவருடைய பங்களாச் சாமான்களோடு ஏலத்தில் வந்த ஹோர்ன்பி டப்ளோ சரக்குப் பெட்டிகள் சில என்னிடம் உள்ளன. லிவர்பூல் மெக்கானோ கம்பனி 1938இல் தொடங்கிய இவ்வகை, நடுவில் மின்சாரம் பாயும் மூன்று தண்டவாளங்களுக்காக அமைந்தது. ஆகையால் இருபக்கச் சில்லுகளும் அவற்றை இணைக்கும் அச்சும் முழுக்க உலோகமே. இக்காலத்து இரட்டைத் தண்டவாளத்திலோ ஒன்று நேர், மற்றது எதிர். பழைய பெட்டியை அதன்மேல் வைத்த கணத்திலேயே மின்சாரம் அச்சின் வழியாகக் குறுக்கே பாய்ந்து, எஞ்சின் உட்பட யாவும் நின்றுவிடும். பிளாஸ்டிக் சில்லுகளை மாட்டினால் இந்த விரோதம் தீரும். பழைய எஞ்சினை மாற்றுவது ரணசிகிச்சை ஆகையால், அதை நான் தொடுவதில்லை.

கொக்கிதான் எஞ்சிய சிரமம். டப்ளோவின் உலோகக் கொக்கி, மற்றொரு பொம்மைப் புகையிரத வகையான டிரையாங்கின் கொக்கியை ஏற்காது. 1964இல் மெக்கானோவை விலைக்கு வாங்கிய, டிரையாங்கின் உரிமையாளரான லைன்ஸ் சகோதரர் கம்பனி, ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் மற்றதுமாக இரண்டையும் தாங்கிய இணைப்புப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. நானும் ஒரு தகரப் பெட்டியின் ஒரு முனையை மட்டும் மாற்றி, அப்படியொரு மத்தியஸ்தனைச் செய்துகொண்டேன்.

சுத்தக்காரர் இதை அபசாரம் என்பர். ஆனால் அவர்கள் கொண்டாடும் அளவே ஒரு சமரசமன்றோ? ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று வண்டியைச் செய்துவிட்டு, தண்டவாள அகலத்தை 16.5 மில்லிமீற்றராக நிறுத்திக்கொண்டார்கள். நம் இலங்கையின் ஐந்தரை அடிப் பாதைக்கு அக்கணக்கில் 22 வேண்டும். நிஜப் புகையிரதமும் இத்தகைய ஆசாரத்தைப் பார்த்ததில்லை. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் பாதை வந்தபோது ஓடியவை நீராவி வண்டிகள். 1954 முதல் கனடாவின் மாகாணப் பெயர்களைச் சுமந்த டீசல் எஞ்சின்கள் இத்தீவுக்கு வந்தன. ருமேனியப் பெட்டிகளும் சீன வண்டித் தொடர்களும் அதே அகலப் பாதையிலேதான் ஓடுகின்றன.

எனினும் ஒன்றுக்கு மட்டும் நான் உடன்படுவதில்லை: உரிந்த வர்ணத்தின்மேல் புது வர்ணம் பூசுவது. கழற்றிய உலோகச் சில்லுகளையும் பழைய கொக்கியையும் உறையிலிட்டு, எந்தப் பெட்டிக்குரியவை என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பின் வருபவர் மூன்று தண்டவாளக்காரராயிருந்தால், அரைமணி நேரத்தில் மாட்டிக்கொள்ளட்டும்.