கத்தரிச் செடியில் ஒரு வண்டு

தலைநகர்த் தமிழருக்குக் கரோல்பாக் புதிதன்று. அதனை ஒட்டிச் செல்லும் பூசா சாலையின் பெயர்க் காரணத்தை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பூசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். அங்கே 1905-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் சிதைவுற்று, 1936-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. வந்த இடத்திலும் ஊர்ப் பெயரை விடாத நம்மவரைப் போலவே, அதுவும் இன்றளவும் பூசா என்றே வழங்கப்பெறுகிறது. அங்குள்ள தேசியத் தொகுப்பில் 5 லட்சத்திற்கும் மேற்பட்ட பூச்சிகள், கிடைத்த ஊரும் நாளும் எழுதிய சீட்டுகளுடன் பேணப்பெறுகின்றன.

இந்நாளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பூச்சியைப் பிடித்து ஊசியில் கோப்பதில்லை. மிக அருகிலிருந்து படமெடுக்கும் லென்ஸைக் கைப்பேசியில் பொருத்திக்கொண்டு, லோதி தோட்டத்திலும் ரிட்ஜ் காட்டிலும் வண்டுகளைத் தேடுகின்றனர். உலகில் பெயரிடப்பெற்ற வண்டினங்களோ ஏறத்தாழ 4 லட்சம். ஒரு படத்தைக் கண்டு இன்ன வண்டு எனக் கூறுவது எளிதா?

மாடித் தொட்டியில் நாம் வளர்க்கும் கத்தரிச் செடியையே எடுத்துக்கொள்வோம். புள்ளி வண்டுகள் இரு வகை அதில் வரக்கூடும். எழுபுள்ளிப் பொறிவண்டு அசுவினிப் பூச்சியைத் தின்று செடியைக் காக்கும். ஹட்டா வண்டோ இலையின் பசுமையைச் சுரண்டித் தின்று, நரம்புகளை வலைபோல் விட்டுச் செல்லும். ஆராயாமல் மருந்து தெளித்தால் பகையோடு நட்பும் மடியும். புள்ளிகளை எண்ணினால் போதாதோ எனில், போதாது. ஹட்டாவின் முதுகில் 28 புள்ளிகள் என்பர். எனினும் அவை குறைவதும் ஒன்றோடொன்று இணைவதும் உண்டு. பொறிவண்டின் முதுகு மெருகிட்டாற்போல் பளபளக்கும். ஹட்டாவின் முதுகு நுண்ணிய மயிர் படர்ந்து மங்கியிருக்கும். நல்ல படத்தில் இவ்வேற்றுமை தெளிவாகப் புலப்படும்.

ஆதலின் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்தல் நலம். உணர்கொம்பும் கால்களும் தெளிவாக விழ வேண்டும். அருகில் அளவுகோல் ஒன்றை வைத்தால் பருமன் விளங்கும். செடி, இடம், தேதி ஆகியவற்றைக் குறித்துவைப்பது இன்றியமையாதது. பூசாவின் சீட்டுகள் ஆற்றும் பணியும் அதுவே. இவ்வளவு செய்தும், சில வண்டுகளின் இனத்தை உடலின் உட்பாகங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தாலன்றி அறிய இயலாது. அத்தகைய படத்தின்கீழ்ப் பேரினத்தின் பெயரை மட்டும் எழுதி நிறுத்துவதே நேர்மை.

தை, மாசி மாதங்களில் தில்லியைச் சூழ்ந்த கடுகு வயல்கள் மஞ்சள் பூக்கும். அசுவினி வரும், அதனைத் தேடிப் பொறிவண்டும் வரும். குடும்பத்துடன் சென்று காண்போம். தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த நம் ஊர்க் கதைகளையும் அங்கே குழந்தைகளுக்குச் சொல்வோம். வீடு திரும்பியபின், வண்டு இன்னதென அறியாமல் மருந்துக் குப்பியைத் தொடாதிருப்போமாக.