எல்லவோடு இறங்கிவிடாதீர்கள்



கனடாவின் ஸ்கார்புரோவில் பள்ளிக்கூடங்கள் லீவுக்கு மூடப்போகின்றன. இலங்கைக்கு, ஊருக்குப் போகிற குடும்பங்கள் பாதை போடத் தொடங்கிவிட்டன. யாழ்ப்பாணத்து நண்பர் தன் திட்டத்தைக் காட்டினார். கண்டி, நுவரெலியா, எல்ல. அதோடு மலைநாடு சரி, மறுநாள் யாலவில் சிறுத்தை. "அங்கால பதுளைப் பக்கம் என்ன அண்ணை இருக்கு?" பதுளைப் பக்கத்து மடுல்சீமைக்காரனான என்னிடம் கேட்கிற கேள்வியா இது!

முதலில் மாதம். பதுளை இருக்கிற ஊவாவுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றில்தான். கிறிஸ்மஸ் லீவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் நேரே அதற்குள் போய் விழுகிறார்கள். மழை தொடங்கும் மாதத்திலேயே, 2014 அக்டோபர் 29 அன்று, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. ஆடி, ஆவணியில் கதை வேறு. தென்மேல் காற்று அட்டன் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் காய்ந்து வீசும். உதடு வெடிக்கும், கண்ணில் புழுதி விழும். அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலை என்று வெளிநாட்டில் விலை. கனடாப் பிள்ளைகளின் கோடை லீவும் அப்போதுதானே?

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். மண்சரிவில் பாதை அடைபடுவதுண்டு, விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். எல்லவில் பெட்டி பாதி காலியாகிவிடும், நீங்கள் அசையாதீர்கள். தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டு மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழையும். எல்லவுக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தை விட எனக்கு இதுதான் அதிசயம்.

பதுளையில் தங்குங்கள். விடிய முன்னம் பசறை பஸ்ஸைப் பிடித்தால் அங்கிருந்து மடுல்சீமைக்கு ஏறலாம். சிங்களக் கிராமத்து அம்மா, பசறை முஸ்லிம் கடைக்காரர், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பஸ்ஸில். கொண்டக்டர் ஆள் பார்த்து மொழி மாற்றுவார்.

மேலே சின்ன உலக முடிவு என்கிற பாறை விளிம்பில், பனி ஏறுமுன் நின்றால் கீழே மஹியங்கனைச் சமவெளி. அந்தப் பக்கம் தம்பானையில் வேடர்கள். தன்னை எதிர்த்த 1818 கலகத்தை அடக்க வெள்ளைக்காரன் வயலும் வீடும் எரித்த சிங்கள ஊர்கள் ஊவா முழுக்க. பிறகுதான் கோப்பிக்கும் தேயிலைக்கும் இந்தியாவிலிருந்து நம்மவர்களைக் கொண்டுவந்தான். 1948இல் நாடு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. என் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் கோத்தகிரிக்குப் போனது. எல்லவின் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் தெரியாது.

கொழுந்து நிறுக்கிற நேரம் வாய்த்தால் சற்று நில்லுங்கள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்க்காமல் அக்காமார் வரிசையில் நிற்பார்கள். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பதால் ஒவ்வொருத்தியின் கண்ணும் தராசு முள்ளில்தான். படம் எடுப்பதானால் "எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டு எடுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். லயத்தில் ரொட்டியும் சம்பலும் தந்தால் தட்டாதீர்கள்.

திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். தவறவிட்டால் ஆட்டோக்காரத் தம்பி சொன்னதுதான் கணக்கு.