கைமாறும் பறவை

‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில் வரும் பொம்மைப் பறவை பிக் பேர்டின் உயரம் 8 அடி 2 அங்குலம். உள்ளே நிற்பவர் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, அந்தக் கையிலேயே பறவையின் தலையைத் தாங்க வேண்டும். இமைகளை அசைப்பது சுண்டுவிரல். பறவையின் இடக்கைக்குள் அவருடைய இடக்கை. வலக்கைக்குள் வெறும் பஞ்சு. இரண்டையும் ஒரு தூண்டில் நரம்பு இணைக்கிறது. இடது இறங்கினால் வலது ஏறும். வெளியே பார்க்கத் துளை கிடையாது. மார்பில் கட்டிய சின்ன டிவியில் கேமரா காட்டுவதைப் பார்த்தபடியே நடக்க வேண்டும், ஆட வேண்டும், சறுக்க வேண்டும்.

*

1969 முதல் அந்த இறகுகளுக்குள் இருந்தவர் கேரல் ஸ்பின்னி. 1996-இல் மாட் வோகல் அவரிடம் பழக வந்தார். 2015 வாக்கில் ஸ்பின்னியின் உடல் ஒத்துழைக்கவில்லை. அதன்பின் உள்ளே நின்றது வோகல், பேசியது ஸ்பின்னி. 2018-இல் பெரியவர் ஓய்வு பெற்றபோது குரலும் வோகலிடம் வந்தது. முதலில் உடல், பிறகு குரல். ஒரு கலையைக் கைமாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

*

கெர்மிட் என்ற தவளைப் பொம்மைக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. அதை உருவாக்கி ஆட்டுவித்த ஜிம் ஹென்சன் 1990 மே மாதம், 53 வயதில், திடீரென்று போய்விட்டார். ஸ்டீவ் விட்மயர் ஏற்றார். 2017-இல் அது வோகலிடம் வந்தது. கெர்மிட்டின் தலைக்குள் எந்திரம் ஏதும் இல்லை. துணி, அதற்குள் ஒரு கை. விரல்களை மடக்கினால் முகம் சுருங்கும், அதுதான் அதன் கோபம், அதன் சங்கடம். கை மாறினால் முகமே மாறும். ‘பழைய குரல் இல்லை’ என்று குறைபடுகிறவர்கள் காதை மட்டும் நம்புகிறார்கள். கெர்மிட் பாதிக்கு மேல் உள்ளங்கையில் இருக்கிறது.

*

2014-இல் வந்த ‘மப்பெட்ஸ் மோஸ்ட் வான்டட்’ படத்தில் கெர்மிட்டைப் போலவே இருக்கும் குற்றவாளித் தவளை கான்ஸ்டன்டைன், கெர்மிட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதை ஆட்டுவித்தவரும் வோகல்தான். உருவம் ஒன்றாக இருந்தும் மனம் வேறு என்பதை அங்கே கையாலேயே காட்ட வேண்டியிருந்தது. மூன்று வருடத்தில் நிஜக் கெர்மிட்டே வந்தபோது, எது கெர்மிட் இல்லை என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

*

‘செசமி ஸ்ட்ரீட்’டின் இன்னொரு பொம்மையான எல்மோவின் கதை வேறு. சிலர் கை மாறி வந்த பொம்மை அது. அதை ஆட்டிய ரிச்சர்ட் ஹன்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. கெவின் கிளாஷிடம் கொடுத்துவிட்டார். கிளாஷ் கொடுத்த கீச்சுக் குரலும் பாசமும்தான் உலகம் அறிந்த எல்மோ. உருப்பெறாத பாத்திரத்தை எடுப்பவருக்குச் சுதந்திரம் அதிகம். உருப்பெற்றதை எடுப்பவருக்குப் பொறுப்பு அதிகம், பாராட்டு குறைவு. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. பிசகினால் எல்லோருக்கும் தெரியும்.

*

பிக் பேர்டுக்கு என்றும் ஆறு வயது. பார்க்கிற பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயது. அந்தப் பிள்ளைக்கு ஸ்பின்னியும் தெரியாது, வோகலும் தெரியாது. நேற்று பேசிய நண்பன் இன்றும் வர வேண்டும், அவ்வளவுதான். அதனால், மூத்தவர் நல்ல தெம்போடு இருக்கும்போதே இளையவரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்க வேண்டும். அந்த வருடங்களுக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனத்தின் கடமை.