மூன்றரைக்கு வந்தவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

பயிற்சி காலை பத்து மணிக்கு. பயிற்றுநர் முன்கூட்டியே வந்து புரொஜெக்டரைப் போட்டுவிட்டார். எதிரே நாலைந்து பேர், மற்றதெல்லாம் காலி நாற்காலி. புதிதாக எங்களோடு சேர்ந்த பிரிவினர் மாலை மூன்றரைக்கு மொத்தமாக வந்து நின்றார்கள். தாமதமில்லையாம், அவர்கள் காலண்டரில் மூன்றரை என்றே இருக்கிறது. எங்களுக்கு அவுட்லுக், அவர்களுக்குக் கூகுள், பயிற்சிப் பதிவுக்குத் தனியாக ஒரு செயலி. எழுதி வைக்காவிட்டால் யார் எதைச் சொன்னார்கள் என்பதே மறந்துபோகும்.

ஜூன் 4

எங்கள் சிஸ்டம்ஸ் பிரிவுத் தம்பி காரணத்தைப் பிடித்துவிட்டார். பயிற்சிச் செயலி தரும் ஐசிஎஸ் காலண்டர் கோப்பில் நேரத்தின் வாலில் 'இசட்' என்று ஓர் எழுத்து. அது இருந்தால் உலகப் பொது நேரம் என்று அர்த்தம். வாங்கிக்கொள்கிற காலண்டர் நம் ஊருக்காக ஐந்தரை மணி நேரம் கூட்டிவிடும். பத்து மூன்றரை ஆனது அப்படித்தான்.

இந்தக் கோப்பு வடிவத்துக்கு 1998இல் விதி எழுதியவர்களில் ஒருவர் லோட்டஸ்காரர், இன்னொருவர் மைக்ரோசாஃப்ட்காரர். 2009இல் அதைத் திருத்தினார்கள். போட்டிக் கம்பெனிக்காரர்களே ஒரு விதிக்கு ஒத்துவந்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஒரே அறையில் உட்கார மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 9

இசட் போயிற்று. நேரம் சரி. வெயில்தான் குறையவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வாசலில் ஓர் அம்மா. கிளையில் கணக்கெழுதுபவர், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில், பார்க்கில் இறங்கி நடந்து, பறக்கும் ரயில் பிடித்துத் திருவல்லிக்கேணி. வேர்த்து விறுவிறுத்து வந்து, "ஹால் எந்தப் பக்கம் மேடம்?" என்றார்.

இன்றைக்கு இருந்த பயிற்சியை 24க்குத் தள்ளி நாலு நாள் ஆகிறது. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. செல்போனை நீட்டி, "இன்னைக்குன்னுதானே போட்டிருக்கு. பாருங்க" என்றார். போட்டுத்தான் இருந்தது. மகன் ஏற்றிக் கொடுத்தானாம். போனில் இருப்பது தப்பாகுமா என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில், தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் இன்னும் குடைகிறது. காபி வாங்கிக் கொடுத்தேன். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஜூன் 18

அந்த அம்மா போனில் ஏன் பழைய தேதியே இருந்தது என்று தம்பியைக் கேட்டேன். "இம்போர்ட் பண்ணிக்கிறது கல்யாணப் பத்திரிகை மாதிரி மேடம். அடிச்சப்புறம் முகூர்த்தம் மாறினா பத்திரிகைக்குத் தெரியாது. லிங்க்கா சேர்த்தா மூலத்துல மாறினது அங்கேயும் மாறும்."

உடனேயா?

"உடனேன்னு சொல்ல முடியாது. கூகுள்ல சில மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட."

ஆக, முந்தின நாள் சாயங்காலம் தேதி மாற்றினால் லிங்க்கும் கைகொடுக்காது.

ஜூன் 22, ஞாயிறு

என் கம்ப்யூட்டரில் நேர மண்டலப் பட்டியலைத் திறந்தேன். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி' என்று ஒரே வரி. நாலு ஊருக்கும் சண்டையில்லை. ஆனால் 1906இல் இந்திய சீர் நேரம் வந்த பிறகும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை, பம்பாய் 1955 வரை. 1906க்கு முன்பு ரயில்களெல்லாம் ஓடியது மதராஸ் நேரத்தில். இன்றைய கணக்குக்குச் சுமார் ஒன்பது நிமிடம் பின்தங்கிய நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக் கடிகாரம் சொல்ல, தந்திக் கம்பி வழியே ஊர் ஊராக வாங்கிக்கொண்டார்கள். எல்லா ஸ்டேஷனுக்கும் மூலம் ஒன்றுதான்.

தூக்கம் வரவில்லை.

ஜூலை 2, புதன்

கூட்டம். எந்தக் காலண்டரை மூலமாக வைத்துக்கொள்வது என்று கேட்டேன். இரண்டு தலைவர்களும் ஒரே குரலில் "எங்களுடையது" என்றார்கள். அடுத்த மாதம் பேசலாமாம்.

செங்கல்பட்டு அம்மா 24ஆம் தேதி வந்துபோனார். முந்தின நாள் நானே போன் போட்டிருந்தேன். அடுத்த பயிற்சிக்கும் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் ஏறுமுன் ஒரு தடவை ஆபீசுக்குப் போன் பண்ணிவிடுங்கள்.