இருபது ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்க வீடுகளில் பாம்பு வளர்ப்பது பெரிய விந்தையன்று. புதிதாகத் தொடங்குவோர்க்கு அங்கே பெரும்பாலும் மூன்று பெயர்கள் பரிந்துரைக்கப்படுகின்றன: கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக், பால் பைத்தான். மூன்றும் நஞ்சற்றவை, வளர்ந்தபின் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தடிக்குள் அடங்குபவை.

ஓஹையோவில் வாழும் நம் தம்பியின் மகள் இவற்றுள் ஒன்றைக் கேட்டு வழக்காடிக்கொண்டிருக்கிறாள். வயது பன்னிரண்டு. புற்றுக்குப் பால் வார்த்துவிட்டு எட்ட நின்று கும்பிட்ட குடும்பம் நம்முடையது, தம்பிக்கு அச்சம். "பெரியப்பா, நீங்களே அப்பாவிடம் சொல்லுங்கள்" என வழக்கு நம்மிடம் வந்துசேர்ந்தது. தமிழ் கற்பிப்போர்க்குப் பாம்பில் என்ன தீர்ப்பு என நகைக்கலாம். ஆயினும் படித்துப் பார்த்தோம்.

கார்ன் ஸ்னேக் அமெரிக்கத் தென்கிழக்கு மாநிலங்களின் பாம்பு. நம் சாரையைப் போல் எலியைத் தேடிக் களஞ்சியங்களுக்குள் புகுவது. சாதுவானது, தயங்காமல் இரையெடுப்பது. குறை ஒன்றுண்டு: சிறு இடுக்குக் கிடைத்தாலும் நழுவிவிடும். பெட்டியின் மூடிக்குப் பூட்டு வேண்டும். கிங் ஸ்னேக் பிற பாம்புகளையும் தின்னும். ஆகவே தனித்தே வைக்கவேண்டும். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. அஞ்சினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மெல்ல ஊர்வதால் பலர் விரும்புவர். ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் குறையாமல் காக்கவேண்டும். சில வேளைகளில் மாதக்கணக்கில் உண்ணாமலும் கிடக்கும். புதியவர்க்கு அந்தப் பட்டினி பெருங்கலக்கம்.

எவ்வினமாயினும் காட்டில் பிடித்ததை வாங்கலாகாது. ஒட்டுண்ணிகளோடு வரும், இரையை மறுக்கும். வளர்ப்பிடத்தில் பிறந்த குட்டியை, அது இரையெடுப்பதை நேரில் கண்டபின் வாங்குவதே நலம். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்தக்கூடும் என்பதால், உறையவைத்த எலியை இளக்கிக் கொடுக்கிறார்கள். தொட்டபின் கைகழுவுதல் கட்டாயம்.

இவையெல்லாம் எளிதில் கற்கக்கூடியவை. நம்மைத் தயங்கச் செய்தது ஆயுள். கார்ன் ஸ்னேக் நல்ல பராமரிப்பில் இருபதாண்டு வாழும். பால் பைத்தான் முப்பதும் வாழும். செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சியகத்துக்கு 1961இல் வந்த ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. அப்போது அதன் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவளோ ஆறாண்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள். விடுதி அறைக்குள் பாம்பை விடமாட்டார்கள். பிறகு தண்ணீர் மாற்றுவதும் எலியை இளக்குவதும் யார்? அஞ்சும் தந்தைதான். வளர்க்க முடியாதவர்கள் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் சிற்றுயிர்களை அழித்துவருவதை உலகறியும். அமெரிக்க அரசு அவற்றின் இறக்குமதிக்கு 2012இல் தடை விதித்தபோது அவை அங்கே வேரூன்றிவிட்டிருந்தன.

எனவே நாம் இருவருக்குமாகச் சொன்னோம்: கார்ன் ஸ்னேக்கே ஏற்றது, ஆனால் தம்பி முதலில் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்க்கட்டும். அவன் கை நடுங்காவிட்டால் வாங்கலாம். நடுங்கினால் அவள் தனக்கென ஒரு வீடு அமையும்வரை காத்திருக்கட்டும். நாய் தன்னை வளர்ப்பவரைத் தேடும். பாம்பு தேடாது, பெயர் சொல்லி அழைத்தாலும் வராது. அன்பைத் திருப்பித் தராத உயிருக்கு இருபதாண்டு தவறாமல் தண்ணீர் வைக்க மனமிருக்கிறதா என்பதே, எந்தப் பாம்பு என்னும் கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டியது.