தப்பும் கித்தாரும்

பாடகர் ஒருவரின் இரசிகர்கள் கூடுமிடத்தில் இரண்டு வினாக்கள் தவறாது எழுவதுண்டு. புகழ் வருமுன் அவர் எத்தகைய குழுவோடு பாடினார் என்பது ஒன்று. அவரை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் கண்டது எப்போது என்பது மற்றொன்று. முதல் வினா வேரைத் தேடுவது. இரண்டாவது வினா மலரைத் தேடுவது. இவ்விரண்டுக்கும் இடையில் மண் என்று ஒன்று இருப்பதை இரசிகர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெலிமடையில் மூன்று நண்பர்கள் ஒரு பாடகியைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவந்த பேச்சு, அந்த மண்ணைப் பற்றிய பேச்சாக மாறிய கதை இது.

அப்பாடகி சுசீலா ராமன். தஞ்சாவூர்ப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்ப் பெற்றோருக்கு 1973இல் இலண்டனில் பிறந்தவர். நான்கு வயதளவில் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா சென்று சிட்னியில் வளர்ந்தவர். வீட்டில் கர்நாடக இசை பயின்று சிறுவயதிலேயே மேடை ஏறியவர், பதின்ம வயதில் தமக்கென ஓர் இசைக்குழுவை அமைத்து றொக் இசை பாடத் தொடங்கினார்; பின்னர் புளூஸ், ஜாஸ் ஆகியவற்றின்பால் ஈர்க்கப்பட்டார். 1995இல் இந்தியா சென்று சுருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். 1997இல் இங்கிலாந்து திரும்பி, கித்தார்க் கலைஞர் சாம் மில்ஸுடன் இணைந்தார். 2001இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தொகுப்பான ‘சோல்ட் ரெயின்’ தியாகராஜர் கீர்த்தனையையும் மேலைத்தேயப் பாடலையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. அவ்வாண்டு பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கான பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. 2007இல் ஜிமி ஹென்றிக்ஸ், பொப் டிலன் முதலியோரின் பாடல்களைத் தமக்கேயுரிய முறையில் பாடி மற்றொரு தொகுப்பு வெளியிட்டார்.

வெலிமடை நண்பர்கள் மூவரில் ஒருவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர். மற்றவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதுபவர். மூன்றாமவர் நகரில் ‘ரெக்கோடிங் பார்’ வைத்திருந்து, ஒலிநாடாவின் காலம் முடிந்ததும் இறுவட்டுக்கும், இறுவட்டின் காலம் முடிந்ததும் கைத்தொலைபேசி உதிரிப் பொருள்களுக்கும் மாறிய இஸ்லாமிய அன்பர். கொழும்பிலிருந்து வந்த ‘சோல்ட் ரெயின்’ இறுவட்டு அவருடைய கடையில்தான் முதலில் ஒலித்தது. அக்குரல் மூவரையும் பிடித்துக்கொண்டது. சிட்னியில் அவர் பாடிய இளமைக்காலக் குழுவை மூவரும் கண்டதில்லை, கேட்டதுமில்லை. ஆயினும் அக்குழுவைப் பற்றியே அவர்கள் மிகுதியாகப் பேசினர். சுருதியைச் சற்றே வளைத்துத் தாழ்வான இடத்தில் தங்கி நிற்கும் அந்தப் பழக்கம் கச்சேரி மேடையில் கற்றதன்று. புளூஸ் பாடிய நாள்களின் எச்சம் என்பது ஆசிரியரின் முடிபு. கணக்கர் அதனை ஒப்பவில்லை. “ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதுசில்ல, மாஸ்டர்” என்பார் அவர்.

2011இல் ‘வேல்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பீ.பீ.சீ. தொலைக்காட்சியில் ஜூல்ஸ் ஹொலண்ட் நடத்தும் இசைநிகழ்ச்சியில் சுசீலா ராமன் அத்தொகுப்பிலுள்ள ‘பால்’ என்னும் பாடலைப் பாடினார். பல குழுக்கள் ஒரே மண்டபத்தில் வட்டமாக நின்று, ஒன்றன்பின் ஒன்றாக இசைக்கும் அமைப்பை உடையது அந்நிகழ்ச்சி. அங்கே பழனி முருகனைப் போற்றும் காவடிப் பாட்டு ஒலித்தது. மெதுவாகத் தொடங்கிய பாட்டு அடிக்கு அடி வேகம்கொண்டது. பாடகியின் கூந்தல் அவிழ்ந்தது. உடல் தாளத்தின் வசமாயிற்று. கோயில் வீதியில் அருள்வந்து ஆடும் பெண்ணுக்கும் மேடையில் றொக் பாடும் பெண்ணுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு அந்தச் சில நிமிடங்களில் அழிந்துபோயிற்று எனலாம்.

அந்நிகழ்த்துகை தமிழரிடையே இருவேறு கருத்துகளைத் தோற்றுவித்தது. உச்சரிப்புச் செம்மையாக இல்லை என்றனர் சிலர். பக்திப் பாடலைக் கேளிக்கையாக்கிவிட்டார் என்றனர் வேறு சிலர். நம் காவடிச் சிந்து உலகரங்கில் ஏறிவிட்டது என்று மகிழ்ந்தோரும் உண்டு. வெலிமடை நண்பர்கள் கைத்தொலைபேசியின் சிறு திரையில் அதனை மீண்டும் மீண்டும் பார்த்தனர். ஊவா மாகாணத்தார்க்கு அது அந்நியமான காட்சியன்று. கதிர்காமம் அம்மாகாணத்திலேயே உள்ளது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் வறண்ட காற்று மலைச்சரிவுகளில் வீசும் ஆடி மாதத்திலேயே கதிர்காமத் திருவிழாவும் வருகின்றது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காவடி சுமக்கச் சென்ற தலைமுறைகளின் வழிவந்தவர்கள் அவர்கள். இலண்டன் மண்டபத்தில் பாடகியின் தலை சுழன்றபோது, அவர்கள் கண்டது தத்தம் அத்தைமாரையும் பாட்டிமாரையுமே.

இங்கே புளூஸ் இசையின் பிறப்பை நினைவுகூர்தல் பொருந்தும். அது அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டும் வறுமைத்தளையிலிருந்து விடுபடாத கறுப்பின மக்களின் வாயில் பிறந்த பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடும் வேலைப்பாட்டு அதன் தாய்மாரில் ஒன்று. மட்டி வோட்டர்ஸ் என்னும் பெரும் பாடகர் மிசிசிப்பியில் ஸ்ரோவல் என்னும் தோட்டத்தில் உழைத்துக்கொண்டிருந்தபோது, 1941இல் அலன் லோமக்ஸ் என்னும் நாட்டாரிசை ஆய்வாளர் அங்கே சென்று அவர் குரலைப் பதிவு செய்தார். தம் குரலைத் தாமே கேட்ட அத்தொழிலாளி இரண்டாண்டுகளில் சிக்காகோ சென்று இசையுலகை மாற்றினார். கண்டிச் சீமையிலும் தோட்டங்கள் பாடின. கங்காணியின் கொடுமையும், கடல்கடந்த துயரும், பிரட்டுக்களத்து விடியலும் தெம்மாங்காகவும் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் வடிவம் பெற்றன. சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) அவற்றைத் தேடித் திரட்டித் தந்திராவிட்டால் அவற்றுட் பல காற்றோடு கலந்திருக்கும். அடிமைமுறை வேறு, கங்காணி முறை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆயினும் தோட்டம் என்னும் அமைப்பு, தன் மக்களிடமிருந்து நாளெல்லாம் உழைப்பைப் பெற்றுக்கொண்டு, இரவில் பாட்டை மட்டுமே மிச்சம் வைத்தது என்பது இரு நாட்டுக்கும் பொது.

அந்த வரலாற்றில் ஒரு தொலைக்காட்சிக் காட்சியும் உண்டு. 1965ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ‘ஷிண்டிக்’ நிகழ்ச்சிக்கு இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அழைக்கப்பட்டனர். தாங்கள் போற்றும் புளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃப் அவர்களையும் அந்நிகழ்ச்சியில் பாடவைக்க வேண்டும் என அவர்கள் விரும்பினர். அவ்வாறே மிசிசிப்பி மண்ணில் பிறந்து, வயலில் உழைத்து, அப்போது ஐம்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த அம்மனிதர் பாட, புகழ்பெற்ற வெள்ளை இளைஞர்கள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். அமெரிக்கா தன் வீட்டுப் பாடகரை அறிய இங்கிலாந்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. இந்நிகழ்ச்சியைப் பற்றி நண்பர்களிடம் கூறிய ஆசிரியர், தம் மாணவருக்கும் இதனைக் கற்பித்தல் வேண்டும் என எண்ணினார்.

ஒருநாள் அழகியற் பாடவேளையில் பத்தாம் வகுப்பு மாணவருக்கு அவர் ‘பால்’ பாடலின் காட்சியைப் போட்டுக் காட்டினார். மாணவர் முதலில் சிரித்தனர். பின்னர் மேசையில் தாளம் போட்டனர். தோட்டத்துக் காவடிப் பாட்டும் கலைதான், உலகமே அதனை மதிக்கின்றது என்று அவர் விளக்கினார். அவர் விளக்கம் முடிந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய பாட்டனார் அத்தோட்டத்தில் தப்பு அடிப்பவர்.

“சேர், அந்த அக்கா லண்டன்ல பாடினா கலைன்னு சொல்றீங்க. எங்க தாத்தா அடிச்சா மட்டும் ஏன் சேர் சாதின்னு சொல்றாங்க?”

வகுப்பு அமைதியாயிற்று. அவ்வினாவுக்கு விடை பாடநூலில் இல்லை. தோட்டங்களில் தப்பின் வரலாறு நெடியது. விடியற்காலையில் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. மாசியில் காமன்கூத்து ஆடும் இரவுகளில் ஆட்டத்தை நடத்திச் செல்வது தப்பு. மாரியம்மன் திருவிழாவிலும் மரண வீட்டிலும் முன்னே நடப்பது தப்பு. பிறப்புத் தொடக்கம் இறப்புவரை அச்சமூகத்தின் நாடியாக ஒலித்த அக்கருவி, அதனை அடிப்பவனுக்கு மட்டும் இழிவைத் தேடித் தந்தது. ஒலி எல்லோர்க்கும் பொது. அதன் சுமை ஒரு சாதிக்கு மட்டும் உரியது என்று ஆக்கிவைத்தனர். திருவிழாவுக்குத் தப்பு வேண்டும் என்போரே தப்படிப்பவனின் பேரன் தம் வீட்டில் தண்ணீர் கேட்டால் தயங்குவதுண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரும் நண்பர் இருவரும் லயத்திற்குச் சென்று அம்முதியவரைக் கண்டனர். ஏழெட்டு மாணவரும் உடன் சென்றனர். கைத்தொலைபேசியில் அந்தப் பாடலை முதியவருக்குக் காட்டினர். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “பொண்ணு நல்லாத்தான் பாடுது. வேகம் எடுக்கிற எடம் சரியா இருக்கு. ஆனா அடி இன்னும் கொஞ்சம் கீழ எறங்கணும்” என்றார். பீ.பீ.சீ. மண்டபத்து இசையை அவர் ஒரு தொழிற்கலைஞனின் செவியால் மதிப்பிட்டார். பாராட்டவும் செய்தார், திருத்தவும் செய்தார்.

பின்னர் அவர் வாசலில் சருகு கூட்டித் தீமூட்டி, தப்பின் தோலை அதில் காட்டினார். “சூடு காட்டினாத்தான் இது பேசும், மாஸ்டர்” என்றார். காவடி அடியை முதலில் அடித்தார். பின்னர் காமன்கூத்து அடியை. அயல்வீட்டார் கதவைத் திறந்து வெளியே வந்தனர். கணக்கரின் கால் தானாகத் தாளமிட்டது. கடைக்காரர், ஊவா மலைகளில் இத்தனை ஆண்டுகள் பாட்டு விற்ற தாம் இவ்வடிகளுள் ஒன்றையேனும் பதிவு செய்து வைக்கவில்லையே என்று வியந்து நின்றார்.

ஆசிரியர் மெல்லக் கேட்டார்: “தாத்தா, பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே?”

முதியவர் தப்பைக் கீழே வைத்தார். “வேணாம் மாஸ்டர். அவன் படிக்கட்டும். இதைத் தொட்டா பேரு ஒட்டிக்கும். என்னோட போகட்டும்.”

அம்மறுப்பில் கசப்பு இல்லை, கணக்கு இருந்தது. கலை அழிகின்றதே என வருந்துவோர் பலர். அக்கலையைச் சுமந்தவன் எவ்வளவு இழந்தான் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ‘கலையைக் காப்பாற்றுங்கள்’ என்னும் அறைகூவல் சாதியின் சுமையைக் குறைக்காதவரை, அது அவனைப் பார்த்து ‘நீ அங்கேயே இரு’ என்று கூறுவதாகவே முடியும். பேரன் தப்பை விடுவது அவனது விடுதலையாக இருக்கலாம். அவன் அதை விரும்பி எடுப்பதும் விடுதலையாக இருக்கலாம். அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கத்தக்கது. தப்பை யார் அடித்தாலும் இழிவில்லை என்னும் நிலை வந்த பிறகே, யார் அடிக்க வேண்டும் என்னும் பேச்சு நேர்மையாகும்.

சுசீலா ராமனின் இரசிகர்களுக்கும் இதில் ஒரு பாடமுண்டு. அப்பாடகி தமக்கு முன்னே நடந்த பாதையை மறைத்தவரல்லர். ஹென்றிக்ஸின் பாட்டைப் பாடியபோதும் பழனியாண்டவனின் பாட்டைப் பாடியபோதும், தாம் கடன்பட்ட ஊற்றுகளை வெளிப்படையாகவே காட்டியவர். சாதியின் பெயர் ஒட்டிக்கொள்ளுமோ என்னும் அச்சமின்றி ஒரு காவடித் தாளத்தில் தலைவிரித்தாட அவரால் இயன்றது. அவ்வச்சமின்மை பாராட்டுக்குரியது; ஆனால் அது எல்லோர்க்கும் கிடைத்த பேறன்று. சிட்னியின் இளமைக்காலக் குழுவைப் பற்றியும் இலண்டன் தொலைக்காட்சி நிகழ்த்துகையைப் பற்றியும் ஆர்வத்தோடு நினைவுகூர்பவர், அத்தாளத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தீயில் காய்ச்சி உயிரோடு வைத்திருந்த கைகளையும் நினைவுகூரக் கடமைப்பட்டவர்.

வெலிமடை நண்பர்கள் இப்போது பாடகியைப் பற்றி முன்போல் நெடுநேரம் வாதிடுவதில்லை. கடைக்காரர் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி வாங்கியுள்ளார். மாதம் ஒருமுறை மூவரும் லயத்துக்குச் செல்கின்றனர். ஒவ்வொரு அடிக்கும் பெயரும், அது ஒலிக்க வேண்டிய வேளையும், அடித்தவரின் முழுப்பெயரும் கணக்கரின் குறிப்பேட்டில் ஏறுகின்றன. தம் பெயரை எழுதுகின்றனர் என்பதை அறிந்த அன்று முதியவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, தம் தந்தையாரின் பெயரையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டார். பேரன் இன்னும் தப்பைத் தொடவில்லை. ஆனால் பதிவு நடக்கும் வேளைகளில் அவன் வெளியே போவதுமில்லை.